பேசாமல் நின்ற பிள்ளைகள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிஷம் இழுப்பேன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். இன்றைக்கும் இழுக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சின்னக் களேபரம். என் தங்கை பேத்தி அமெரிக்காவில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவளோடு இன்னும் பல பிள்ளைகள். வகுப்பில் ஆண் மாதிரி இல்லை, பெண் மாதிரி இல்லை என்று கேலி செய்யப்படுகிற பிள்ளைகள், ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று ஒதுக்கப்படுகிற பிள்ளைகள், இவர்களெல்லாம் வாயடைத்துக் கிடக்கிறார்கள் என்பதைக் காட்ட மற்ற பிள்ளைகளும் ஒருநாள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கையில் ஒரு அட்டை. ஏன் பேசவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் படத்தை அவள் அம்மா பெருமையாகக் குரூப்பில் போட்டாள்.

உடனே ஆரம்பித்தது. “மௌன விரதம்னா ஏகாதசிக்கு இருக்கச் சொல்லுங்க” என்றார் ஒருவர். “படிக்கப் போனாளா, போராடப் போனாளா?” என்றார் இன்னொருவர். “இதெல்லாம் நம்ம ஊர்ல உண்டா?” என்று ஒரு மாமா. எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு. 34 வருஷம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன், “நம்ம ஊர்ல உண்டா” என்ற கேள்விக்குப் பொம்மையைப் பதிலாகப் போட்டது தப்பு.

பேசாமல் இருப்பது பழைய ஆயுதம். 1917 ஜூலையில் அமெரிக்காவின் கிழக்கு செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் கொன்றது, வீடுகளைக் கொளுத்தியது. அதே மாதம் 28ஆம் தேதி நியூயார்க் நகரத்தின் பெரிய வீதியில் கறுப்பின மக்கள் பத்தாயிரம் பேர் வரை ஊர்வலம் போனார்கள். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. அமுக்கி அடித்த முரசுச் சத்தமும் காலடிச் சத்தமும்தான். அந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தவர்கள் யார் தெரியுமா? வெள்ளை உடுப்பு போட்ட சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் பெண்கள், அதற்கும் பின்னால் கறுப்புக் கோட்டில் ஆண்கள். கத்தியிருந்தால் ‘கலவரக்காரர்கள்’ என்று எழுதியிருப்பார்கள். கத்தாமல் போனதால், வேடிக்கை பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அது தூர தேசம் என்பீர்கள். சரி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டி பக்கத்து மாநிலத்துக்கு வருவோம்.

கேரளாவில் கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் படித்தார்கள். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். 10ஆம் வகுப்பு, 9ஆம் வகுப்பு, 5ஆம் வகுப்பு. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் காலையில் தேசிய கீதம் பாடும்போது அந்த மூன்று பிள்ளைகளும் மற்றவர்களோடு எழுந்து நிற்பார்கள். அசையாமல், மரியாதையாக நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள்.

இவர்களுக்கு முன்னால் இவர்களுடைய அக்காமாரும் அதே பள்ளியில் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்தார். தேசபக்தி இல்லாத செயல் என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அரசு விசாரணைக் குழு போட்டது. குழு என்ன சொன்னது? இவர்கள் சட்டத்தை மதித்து நடக்கிற பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றது. ஆனாலும் கல்வி அதிகாரி சொன்னபடி தலைமையாசிரியை 1985 ஜூலை 26 அன்று மூன்று பேரையும் பள்ளியை விட்டு நீக்கினார்.

அப்பா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதியும் தள்ளுபடி செய்தார், இரண்டு நீதிபதிகள் அமர்வும் தள்ளுபடி செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம். பிள்ளைகளுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் ஃபாலி நாரிமன். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். ‘பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு’ என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள். என்னிடம் படித்து வக்கீல் ஆனவர்கள் தலையாட்டுவது தெரிகிறது.

அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயம் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதலாவது, தேசிய கீதத்தைக் கட்டாயம் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1971ஆம் வருஷச் சட்டம், பாடுவதைத் தடுப்பதையும் பாடுகிற கூட்டத்தைக் குலைப்பதையும்தான் குற்றம் என்கிறது. எழுந்து மரியாதையாக நிற்பதே மதிப்புதான். கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை சட்டம் ஆகிவிடாது.

இரண்டாவது, பேச்சுரிமை என்பதற்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். 19ஆவது பிரிவும் மதச் சுதந்திரத்துக்கான 25ஆவது பிரிவும் அந்தப் பிள்ளைகளுக்குத் துணை நின்றன.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசாகப் படுவது. ஒருவருடைய நம்பிக்கை நமக்கு நியாயமாகத் தெரிகிறதா, நம் அறிவுக்குப் பிடிபடுகிறதா என்பது கேள்வியே இல்லை. அவர் அதை மனசார நம்புகிறாரா என்பதுதான் கேள்வி. நம் மரபும் தத்துவமும் சகிப்புத்தன்மையைச் சொல்லிக்கொடுக்கின்றன, அரசியல் சட்டம் அதை நடைமுறையில் காட்டுகிறது, அதில் தண்ணீர் கலக்காதீர்கள் என்ற கருத்தோடு நீதிபதி முடித்தார். பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ள உத்தரவு.

தீர்ப்பில் அமெரிக்க வழக்குகளும் வருகின்றன. அங்கே 1935இல் பென்சில்வேனியாவில் இதே மதப் பிரிவைச் சேர்ந்த அக்காவையும் தம்பியையும் கொடிக்கு வணக்கம் சொல்லவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்த மதத்தாரை ஊர் ஊராக அடித்தார்கள். மூன்றே வருஷத்தில், 1943இல், நடு யுத்தத்தில், அதே நீதிமன்றம் 6க்கு 3 என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. பெரிய நீதிமன்றமே ‘தப்பு செய்துவிட்டோம்’ என்று மூன்று வருஷத்தில் திருத்திக்கொள்ளும்போது, ஒரு வாத்தியார் திருத்திக்கொள்ள 40 வருஷம் ஆகியிருக்கிறது. இப்போது அதைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அதே 1985. எனக்கு 26 வயது. கரிசல் காட்டு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். காலைப் பிரார்த்தனைக் கூட்டம் என் பொறுப்பு. மழை இல்லாத வருஷம், மைதானத்தில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அந்த வெடிப்பின் மேல் வரிசை கோணாமல் பிள்ளைகளை நிறுத்துவதில் எனக்கு அவ்வளவு பெருமை.

எட்டாம் வகுப்பு வரிசையில் கடைசியில் ஒரு பையன். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் வாய் திறக்க மாட்டான், தேசிய கீதத்துக்கும் திறக்க மாட்டான். நேராக நிற்பான், அவ்வளவுதான். நாலைந்து நாள் பார்த்தேன். எனக்கு அது திமிராகப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவனை முன்னால் கூப்பிட்டேன். “ஏம்ல பாட மாட்டேங்க?” என்றேன். பதில் இல்லை. கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் இரண்டு வைத்தேன். அதற்கும் பேசவில்லை. “சரி, இன்னைக்கு நீ மட்டும் பாடு. எல்லாரும் கேக்கட்டும்” என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் பாடினான்.

மெல்லிய குரல். அந்த வயசுப் பையன்களுக்கு உடைகிற குரல் இல்லை. ஒரு பெண்பிள்ளை பாடுவது போன்ற குரல். சுருதி சுத்தம். முதல் வரி முடிவதற்குள் மைதானம் முழுக்கச் சிரித்தது. பெரிய வகுப்புப் பையன்கள் ஒரு பட்டப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு அது ரொம்ப நாளாகவே பட்டப் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான் அவர்களை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. நானும் சிரித்தேன். சின்னச் சிரிப்புதான். ஆனால் அவன் அதைப் பார்த்தான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா திண்ணையில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். “தீப்பெட்டி ஆபீஸ் பஸ்சுல ஏறிட்டான் சார். பள்ளியோடம் வேண்டாங்கான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் காலம் தெரியும் உங்களுக்கு. விடியுமுன்னே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஹார்ன் அடிக்கும், பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். ‘வறுமை, இடைநின்றான்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். அப்படி எழுதுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மறு வருஷம் ஆகஸ்டில் சலூனில் உட்கார்ந்து பேப்பர் புரட்டும்போது கிடங்கூர் தீர்ப்புச் செய்தி. பேசாமல் நின்ற பிள்ளைகளை வெளியே அனுப்பியது தப்பு என்று நாட்டின் பெரிய கோர்ட் சொல்லியிருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு முடி வெட்டாமலே எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பையனுக்காக வழக்குப் போட அவன் அப்பா பேராசிரியர் இல்லை. அவனுடைய மௌனத்துக்கு மதம் என்ற பெயர்கூடக் கிடையாது.

இப்போது பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கடைப்பிடித்த ‘மௌன நாள்’ 1996இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. வன்முறை இல்லாத போராட்டங்களைப் பற்றி வகுப்பில் படித்த மாணவர்கள், 150 பேருக்கு மேல், ஒருநாள் பேசாமல் இருந்து பார்த்தார்கள். அங்கிருந்து கல்லூரி கல்லூரியாக, பிறகு பள்ளிகளுக்கும் பரவியது. வழக்கமாக ஏப்ரலில் வரும். இதன் சூட்சுமம் என்னவென்றால், கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒருத்தன் மட்டும் பேசாமல் நின்றால் அது வாத்தியார் கண்ணுக்குத் திமிர். நூறு பிள்ளைகள் சேர்ந்து பேசாமல் நின்றால் அது வாத்தியாருக்குக் கேள்வி. எங்கள் மைதானத்தில் அன்று இன்னும் பத்துப் பேர் அவனோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், நான் ஸ்கேலை எடுத்திருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மௌனமும் நல்ல மௌனம் இல்லை. 2023 செப்டம்பரில் நம் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்த செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி. கனிமொழியும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று தொடங்கிய மண்ணில், 67 வருஷம் கழித்து அப்படி ஒரு செய்தி. அந்தச் சின்னப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பசிக்கிற வயசில் தட்டை ஒதுக்க அதுகளுக்குத் தானாகத் தெரியாது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த மௌனம் அது. ஒருவரை ஒதுக்குவதற்காக வாயை மூடுவதும், ஒதுக்கப்பட்டவரோடு நிற்பதற்காக வாயை மூடுவதும் ஒன்று இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். யாருக்காக என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

“நம்ம ஊர்ல உண்டா” என்று கேட்ட மாமாவுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே மந்தித்தோப்பு இருக்கிறது. அங்கே திருநங்கைகளுக்கு என்று வீடுகள் கட்டி, மாடு வாங்கக் கடன் கொடுத்து, அவர்களே நடத்துகிற பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 2020இல் வந்தது. 30 பேர். அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் பெயரில் அந்தக் குடியிருப்புக்குச் சந்தீப் நகர் என்று பெயர். இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் நம் மாவட்டத்துக்காரரான கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்படுபவர். பள்ளி நாட்களில் மற்ற பிள்ளைகளிடமிருந்து தன்னை எப்படித் தள்ளி வைத்தார்கள் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் மைதானம்தான் என் கண் முன்னால் வரும்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. 2018இல் 377ஆவது பிரிவைப் பற்றிய தீர்ப்பு வந்தது. இதெல்லாம் பெரியவர்கள் கோர்ட்டில் ஜெயித்தவை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோர்ட் தூரம். அதற்குப் பக்கத்தில் இருப்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் ஸ்கேல் வைத்திருக்கிற வாத்தியாரும்தான்.

உங்களில் 40 பேருக்கு மேல் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் பேசாத பிள்ளை இருந்தால், முதலில் பக்கத்தில் கூப்பிட்டுத் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் மறுநாள் கேளுங்கள். ஸ்கேல் எங்கேயும் ஓடிப் போய்விடாது. இப்போதெல்லாம் அடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் சிரிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கை பேத்திக்கு நேற்று போன் செய்தேன். “தாத்தா, நீங்களும் சிரிச்சீங்கல்ல?” என்று கேட்டாள். “ஆமாம்மா, தப்புதான்” என்றேன். “பரவால்ல தாத்தா” என்றாள். பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள்!

அந்தப் பையனும் அப்படி மன்னித்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்ள முடியாது. அவன் இப்போது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், என்ன பெயரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ‘அவன்’ என்று எழுதுவதே சரியா என்றும் தெரியாது. 1985இல் எட்டாம் வகுப்பு என்றால் இப்போது 50 தாண்டியிருக்கும். பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீங்களும் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள். அந்த வருஷம் அந்த மைதானத்தில் நின்றவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு யாரென்று தெரியும். தொடர்பு இருந்தால் அவரிடம் கேளுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும் என் நம்பரைக் கொடுங்கள். சார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார் என்று சொல்லுங்கள். பேச விருப்பமில்லை என்று அவர் சொன்னால், விட்டுவிடுங்கள். பேசாமல் இருப்பது அவருடைய உரிமை. அதை நான் ஒருமுறை பறித்தேன், இன்னொரு முறை பறிக்க மாட்டேன்.

குரூப்பில் நான் போட்ட அந்தச் சிரிக்கிற பொம்மையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். சொல்லிக்கொடுத்தான். எடுத்துவிட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் வரலாற்று சார்,
கோவில்பட்டி